சிமெண்ட் கலவைக்கு எந்த நார்: விரிசல் வந்த நாளைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழிமுறை

சேலம் கன்னங்குறிச்சிக்கு அருகே, சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், பூந்தொட்டி, துவைக்கும் கல், வேலிக்கால் ஆகியவற்றை வார்க்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்திவருகிறேன். உடைந்த துண்டைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுக்கு என்ன நாருங்கண்ணா போடலாம்?" நாரின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது, விரிசல் எந்த நாளில் வந்தது என்பதைத்தான். வார்த்த அன்றே வந்த விரிசலுக்கும், ஒரு மாதம் கழித்து வந்த விரிசலுக்கும், இரண்டு மழைக்காலம் கழிந்து வந்த உடைவுக்கும் காரணம் வெவ்வேறு. ஒன்றுக்கு உதவும் நார் மற்றொன்றுக்குச் சிறிதும் உதவாமல் போகலாம்.

கான்கிரீட் நசுக்கும் சுமையைத் தாங்கும் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத்தான் இழுக்கும் சுமையில் தாங்கும். நார் பெரும்பாலும் விரிசலைத் தடுப்பதில்லை. விரிசல் விழுந்தபின் அதன் இரு கரைகளையும் பிடித்துக்கொண்டு, அது அகலாமல் பார்த்துக்கொள்கிறது. ஆகவே, விட்டத்திலும் தூணிலும் கூரைத் தளத்திலும் உள்ள கம்பிக்கு மாற்றாக நாரைப் போடுவது உயிரோடு விளையாடுவது. அப்படிப்பட்ட இடங்களில் விரிசல் கண்டால் இந்த வழிமுறையைத் தேடாமல், கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்ட வேண்டும். இங்கே சொல்லப்போவதெல்லாம் தொட்டி, பலகை, பூச்சு, தரை, களம் போன்றவற்றுக்கு மட்டுமே உரியது.

வார்த்த அன்றே தளத்தின் மேல் கோடுகள் விழுகின்றன

இதுதான் என்னிடம் வரும் புகார்களில் மிகுதியானது. தீர்ப்பதற்கு மிக எளியதும் இதுவே. காலையில் வார்த்த தரையில் பிற்பகலுக்குள், சில நேரம் கண்ணெதிரிலேயே, ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை நீளமுள்ள கோடுகள் விழும். அவை மேலே ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அகலமாக இருக்கும். பெரும்பாலும் தளத்தின் ஓரம் வரை ஓடாமல் நடுவிலேயே நின்றுவிடும். சில வேளை ஒன்றுக்கொன்று இணையாகச் சாய்ந்தும் கிடக்கும். ஈரக் கலவை படியும்போது அதன் மேலே கசிந்து வரும் தண்ணீரைவிட, வெயிலும் காற்றும் உறிஞ்சிக்கொள்ளும் தண்ணீர் அதிகமாகிவிட்டால் மேல்தோல் சுருங்கி இப்படிக் கிழிகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்கு நீர் ஆவியாகிறது என்றால் இந்த விரிசல் வரக்கூடும் என்று எடுத்துக்கொண்டு முன்னெச்சரிக்கை செய்வது கட்டுமான வழக்கம். சேலத்தின் சித்திரை வெயிலில் மேற்குக் காற்றும் சேர்ந்துகொண்டால் அந்த எல்லை எட்டாத தொலைவில் இல்லை.

நார் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். கோடுகள் உள்ளே கிடக்கும் கம்பிகளுக்கு நேர் மேலே, கம்பி ஓடும் திசையிலேயே விழுந்திருந்தால் அது உலர்ந்து கிழிந்த விரிசல் அன்று. கலவை கீழே படிந்தபோது கம்பி தடுத்து நிறுத்தியதால் வந்த விரிசல். அதற்கு நாரைவிட, கம்பிக்கு மேல் போதிய கனம் விடுவதும், கலவை இறுகுவதற்கு முன் மணியாசுக் கட்டையால் இன்னொருமுறை அழுத்தித் தேய்ப்பதும்தான் மருந்து.

உலர்ந்து கிழிந்த விரிசல்தான் என்று உறுதியானால், மெல்லிய பாலிப்ரொப்பிலீன் நாரோ பாலியெஸ்டர் நாரோ போதும். கடையில் இது 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு 125 கிராம் பொட்டலம் ஒன்று என்ற கணக்கில் கிடைக்கும். ஜல்லிக் கலவைக்கு 12 மி.மீ. நீளமும் சுவர்ப்பூச்சுக்கு 6 மி.மீ. நீளமும் வாங்க வேண்டும். சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற கலவையில் ஒரு கன மீட்டருக்கு ஆறு மூட்டைக்குச் சற்று மேல் சிமெண்ட் செல்லும் என்பதால், நாரின் பங்கு ஒரு கன மீட்டருக்கு முக்கால் கிலோவைச் சற்றே தாண்டும். பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. இவ்வளவு குறைந்த நார், இறுகிய கான்கிரீட்டின் பலத்தை ஏற்றிவிடும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. ஆனால் கலவை பிள்ளைப் பருவத்தில் இருக்கும் முதல் சில மணி நேரத்தில், தலைமுடியைவிட மெல்லிய இழைகள் எண்ணற்ற இடங்களில் குறுக்கே கிடப்பதால், கிழியப்போகிற தோலை அவை பிடித்து நிறுத்துகின்றன. அதற்காகத்தான் அவற்றைப் போடுகிறோம்.

நாரைப் போட்டுவிட்டு மற்றதை மறந்தால் கோடுகள் மீண்டும் வரும். தரையை முதல் நாளே நனைத்து வைத்து, வார்ப்பை மாலை நான்கு மணிக்கு மேல் தொடங்கி, தேய்த்து முடித்த இடத்தை உடனுக்குடன் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டால், நார் செய்யும் வேலையில் பாதியை அதுவே செய்துவிடும். கலவை இன்னும் விரலுக்கு இளகும் நிலையில் கோடு தெரிந்தால் உடனே கட்டையால் அழுத்தித் தேய்த்து மூடலாம்; இறுகியபின் தெரிந்தால் மறுநாள் சிமெண்ட் பாலைத் தூரிகையால் உள்ளே தள்ளித் தேய்ப்பதைத் தவிர வழியில்லை.

ஏற்காட்டில் இது நடக்காது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், மூடுபனி, குளிர் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில், தை மாசியில், வானம் தெளிந்து, வறண்ட காற்று மலைமுகட்டில் இரைந்து வீசும். அப்போது வார்த்த உலர்களத்தில் அதே கோடுகளை நான் பார்த்திருக்கிறேன். தோலை உலர்த்துவதில் வெயிலுக்குக் காற்று சற்றும் இளைத்ததன்று.

பொட்டலத்தில் எழுதியிருப்பது எதுவானாலும், உள்ளே இருப்பது எது என்று ஒரு தம்ளர் தண்ணீரில் பார்த்துவிடலாம். ஒரு சொட்டு சோப்பு நீர் கலந்து, நாரை நன்றாக முக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்களை விரலால் நீக்கிவிட்டு விட்டால், பாலிப்ரொப்பிலீன் மேலே மிதந்துவரும். அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. பாலியெஸ்டரும் நைலானும் மெல்ல அடியில் தங்கிவிடும். பாலியெஸ்டர் சிமெண்டின் காரத்தில் காலப்போக்கில் நலியக் கூடியது. முதல் நாள் வேலைக்கு அது தடையில்லை, ஆண்டுக்கணக்கான வேலையை மட்டும் அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.

கலக்கும்போது நார் உருண்டையாகத் திரள்கிறது

கோழிமுட்டை அளவுள்ள நார் உருண்டைகள் கலவையில் உருள்வதைக் கண்டால், நாரின் மீது பழி போடுவதற்கு முன் எப்படிக் கொட்டினீர்கள் என்று பாருங்கள். ஈரமான கலவையின் ஒரே இடத்தில் மொத்தப் பொட்டலத்தையும் கவிழ்த்தால் எந்த நாரும் திரளும். மெல்லிய நாரைக் கையால் உதிர்த்து, உலர்ந்த மணலோடும் சிமெண்டோடும் சேர்த்து நன்கு புரட்டிய பிறகே தண்ணீர் விட வேண்டும். கண்ணாடி நார் இதற்கு நேர்மாறு. அதை முதலில் போட்டு மில்லர் எனும் கலவை இயந்திரத்தில் நெடுநேரம் சுற்றவிட்டால், கற்றையாக இருக்க வேண்டியது ஒவ்வோர் இழையாகப் பிரிந்து, ஒடிந்து, பஞ்சுபோல ஆகிவிடும். ஆகவே அதைக் கடைசியாகத் தூவி, ஓரிரு நிமிடங்களுக்குள் நிறுத்திவிட வேண்டும்.

நீளத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் நூறைத் தாண்டும் எஃகு நார்கள் தாமாகவே பின்னிக்கொள்ளும். ஐம்பதிலிருந்து எண்பது வரை உள்ளவற்றை வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். ஜல்லியின் அளவையும் பார்க்க வேண்டும். நாரின் நீளம் பெரிய ஜல்லியின் இரண்டு மடங்காவது இருந்தால்தான் அது ஒரு கல்லைத் தாண்டி மறுபக்கத்தைப் பிடிக்கும். இங்கே கிடைக்கும் கருங்கல் ஜல்லியில் முக்கால் அங்குலத்தைப் போட்டுவிட்டு, 12 மி.மீ. நார் இறுகியபின் வரும் விரிசலைத் தாங்கவில்லை என்று குறைசொல்வதில் பொருளில்லை.

சேலத்துக்கே உரிய ஒரு பிழை இங்கே உண்டு. தறிக்கூடங்களில் மலிவாகக் கிடைக்கும் நூல் கழிவை நறுக்கிப் போட்டுப் பார்க்காத கொத்தனார் இந்தப் பக்கம் அரிது. முறுக்கிய நூல் கலவையில் இழையிழையாகப் பிரியாமல் முறுக்காகவே கிடக்கும். அதன் உள் இழைகளைச் சிமெண்ட் தொடுவதே இல்லை. பருத்தி நூலாக இருந்தால் கலவைத் தண்ணீரையும் குடித்துவிடும். இவற்றைவிடப் பெரிய தொல்லை கஞ்சி; அதைக் கீழே சொல்கிறேன்.

நார் போட்டதும் கலவை விறைத்துவிடுகிறது

எல்லா நாரும் கலவையின் ஓட்டத்தைக் குறைக்கும். அதைப் பார்த்ததும் சித்தாளிடம் இன்னொரு குடம் தண்ணீர் கேட்பதுதான் வழக்கம். நார் தந்திருக்கக்கூடிய நன்மையை அந்த ஒரு குடம் பறித்துவிடும். விறைப்பாகத் தோன்றும் நார்க் கலவை, கரண்டியால் தட்டினாலோ அதிரவைத்தாலோ நன்றாகவே இறங்கும். கண்ணுக்குத் தெரியும் விறைப்பை அப்படியே நம்பக் கூடாது. தட்டியும் இறங்காவிட்டால், தண்ணீரைக் கூட்டாமல் ஓட்டத்தைக் கூட்டும் கலவைத் திரவத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் சேர்க்கலாம். எம்-சாண்டில் தூள் மிகுந்திருந்தால் அதுவும் விறைப்புக்குக் காரணமாகலாம். நார் சேர்க்காத ஒரு சட்டிக் கலவையைப் பக்கத்தில் செய்து ஒப்பிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

மறுநாளும் கலவை இறுகவில்லை

நகத்தால் கீறினால் மறுநாளும் பொடிப்பொடியாக உதிர்ந்தால், இயற்கை நாரிலோ தண்ணீரிலோ சர்க்கரை, மாவு, துவர்ப்புச் சாறு ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. சிமெண்டின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சர்க்கரையே இறுகுதலைப் பல மணி நேரம் தள்ளிப்போடப் போதுமானது. சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சேர்த்த நம் முன்னோர் முறையைச் சிமெண்டுக்கும் பொருத்திப் பார்க்கிறவர்கள் ஆண்டுக்கு ஒருவராவது வருகிறார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல இறுகுவது, சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுவது. ஒன்றுக்கு நன்மையானது மற்றதைக் கட்டிப்போடுகிறது.

பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி, ஜவ்வரிசி ஆலைப் பக்கத்து வாய்க்கால் தண்ணீர், காப்பிப் பழம் கழுவிய தொட்டித் தண்ணீர் ஆகிய மூன்றும் எங்கள் வட்டாரத்தில் இந்தப் பிழைக்கு வழக்கமான காரணங்கள். தேங்காய் நாரைப் பொறுத்தவரை, அதைத் தண்ணீரில் ஊறவைத்து, பழுப்புச் சாறு இறங்குவது நிற்கும் வரை நாள்தோறும் தண்ணீரை மாற்றி, பிறகு நிழலில் ஈரம் வடியவிட்டுப் பயன்படுத்த வேண்டும். முற்றிலும் உலர்ந்த நார் கலவையிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்பதால், தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. அப்படி ஆயத்தம் செய்ததை ஓர் அங்குல நீளத்துக்கு நறுக்கி, மூட்டைக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை சேர்க்கிறேன். அதற்கு மேல் போனால் கலவையில் காற்றறைகள் மிஞ்சுகின்றன.

ஏற்காட்டில் மார்கழி இரவில் வார்த்ததாக இருந்தால், ஒருவேளை குளிர் மட்டுமே காரணமாக இருக்கலாம். இடிப்பதற்கு முன் இன்னும் ஒரு நாள் மூடிவைத்துப் பாருங்கள்.

ஒரு மாதம் கழித்து நேர்க்கோடாக விரிசல் ஓடுகிறது

முதல் நாள் விரிசல் நடுவில் நின்றுவிடும் என்றேன், இது நிற்காது. ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும், அல்லது களத்தின் ஒரு மூலையிலிருந்து மறு ஓரத்துக்கும், முழுக் கனத்தையும் அறுத்துக்கொண்டு ஓடும். இறுகிய கான்கிரீட் வாரக்கணக்கில் உலர்ந்து சுருங்கும்போது தரை அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்வதால் இது வருகிறது. 125 கிராம் பொட்டலம் இதற்கு ஒன்றும் செய்யாது. மூன்று பொட்டலம் போட்டாலும் செய்யாது, கலவைதான் கெடும்.

ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றில் நாற்பது அடிக்கு முப்பது அடிக் காப்பிக் களம் ஒன்றை, இடைவெட்டே இல்லாமல் ஒரே பலகையாக வார்த்திருந்தார்கள். நார் போட்ட கான்கிரீட்டுக்கு வெட்டு தேவையில்லை என்று யாரோ சொன்னார்களாம். ஐந்தாவது வாரம் நான் போய்ப் பார்த்தபோது, களம் தனக்கு வேண்டிய வெட்டுகளைத் தானே போட்டுக்கொண்டிருந்தது: அகலவாட்டில் மூன்று, நீளவாட்டில் ஒன்று. விரிசல்களின் இடுக்கில் காப்பிக் கொட்டைகள் சிக்கி, பூஞ்சை பிடித்துக் கிடந்தன. எனக்கு அங்கே வேடிக்கையாகத் தோன்றியது, அந்த விரிசல்கள் ஏறக்குறைய நாம் வெட்டியிருக்க வேண்டிய இடங்களுக்கு அருகிலேயே விழுந்திருந்ததுதான்.

பலகையின் கனத்தைப்போல் இருபத்துநான்கு முதல் முப்பது மடங்கு தூரத்துக்கு ஒரு வெட்டு என்பது கணக்கு. நான்கு அங்குலக் களத்துக்கு எட்டடியிலிருந்து பத்தடிக்கு ஒன்று வரும். வெட்டின் ஆழம் கனத்தில் கால்பங்கு இருக்க வேண்டும். கான்கிரீட் அறுக்கும் அளவுக்கு இறுகிய உடனே, பெரும்பாலும் மறுநாள் காலைக்குள், அதைப் போட்டுவிட வேண்டும். வெட்டுகளைக் குறைத்தே ஆக வேண்டும் என்றாலோ, வண்டி ஏறும் தரையாக இருந்தாலோ, முனை வளைந்த எஃகு நாரை ஒரு கன மீட்டருக்கு 20 முதல் 40 கிலோ வரை போடலாம். நீளம் 50 அல்லது 60 மி.மீ. இருந்தால் முக்கால் அங்குல ஜல்லிக்குப் பொருந்தும். 30 கிலோ என்பது பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் நான்கு பங்கு. இந்த அளவிலும் விரிசல் வரும். ஆனால் முடியளவுக்குள் அடங்கி நிற்கும். கட்டுக்கம்பியை நறுக்கிப் போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். அது பதம் தணித்த வழவழப்பான கம்பி. வளைந்து உருவிக்கொண்டு வந்துவிடும். லேத் பட்டறைச் சுருள்களில் எண்ணெய் இருக்கும். அவற்றைச் சிமெண்ட் பிடிக்காது.

நீராட்டலில் கஞ்சத்தனம் காட்டினாலும் இந்த விரிசல் முந்திக்கொண்டு வரும். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. இன்று கடையில் நாம் பெரும்பாலும் வாங்கும் பி.பி.சி. சிமெண்ட் இரண்டாம் வகை என்பதால், பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதைப் பத்தாம் நாள் வரை விடக் கூடாது.

மேற்பரப்பில் முடிபோல் நார் நிற்கிறது. அல்லது துருப்புள்ளி தெரிகிறது

இரண்டும் அழகுக்கு மட்டுமே கேடு. நிற்கும் பாலிப்ரொப்பிலீன் இழைகளை ஊது விளக்கால் ஒருமுறை தடவினால் சுருங்கிப் போய்விடும். அது 160 பாகைக்குச் சற்று மேலேயே உருகிவிடும். மேலோடு நிற்கும் எஃகு நார் துருப்பிடிப்பது சில மில்லிமீட்டர் ஆழத்தோடு நிற்கும். உள்ளே இருப்பவற்றைச் சிமெண்டின் காரம் காக்கும். வெறுங்காலோடு நடக்கும் இடத்தில் மட்டும் எஃகு நாரைத் தவிருங்கள்.

நார் போட்டும் ஓர் அடியில் இரண்டாகிறது

இந்தப் புகாரோடு வருகிறவர் உடைந்த துண்டைக் கொண்டுவந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. உடைந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து பார்க்க வேண்டும். அங்கே நார்கள் மூன்றில் ஒரு நிலையில் இருக்கும்.

நார் நுனிகள் முகத்தோடு முகமாக, சவரம் செய்ததுபோல, மொட்டையாக அறுந்திருந்தால், நார் பலமிழந்துவிட்டது அல்லது அந்தக் கலவைக்கு அது பலம் போதாத நார். குறுகிய நார்கள் சற்றே நீட்டிக்கொண்டு நின்றால் அவை வேலை செய்திருக்கின்றன. விரிசல் ஒரு நாரை எங்கே வெட்டினாலும், அதன் குட்டைப் பக்கம்தான் உருவிக்கொண்டு வெளியே வரும் என்பதால், 12 மி.மீ. நார் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் நீட்டக் கூடாது. சராசரியாக மூன்று மில்லிமீட்டர் நீட்டும். அதற்கு மாறாக ஏழு, எட்டு, பத்து என்று நீண்ட நார்கள் நின்றால், நெடிய பக்கமே நழுவி வந்திருக்கிறது. அங்கே சிமெண்ட் நாரைப் பிடிக்கவே இல்லை. தண்ணீர் மிகுதி, நாரில் எண்ணெய், நீராட்டாமை ஆகியவற்றில் ஒன்று அதற்குக் காரணமாக இருக்கும். கையில் பூதக்கண்ணாடி இருந்தால், நார் இருந்த துளையின் உட்சுவர் மாவுபோல் வெளுத்திருப்பதையும் பார்க்கலாம்.

முகத்தில் நாரே காணவில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை: அளவு போதாது, அல்லது எல்லாம் ஏதோ ஒரு மூலையில் உருண்டையாகக் கிடக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள தொட்டிக்கு, கம்பியே வைக்க முடியாத அந்த மெல்லிய சுவருக்கு, மூட்டைக்கு 125 கிராம் என்ற கணக்கு பொருந்தவே பொருந்தாது. அதற்குக் காரத்தைத் தாங்கும் கண்ணாடி நாரை மொத்தக் கலவை எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு போடுகிறேன். ஒரு மூட்டை சிமெண்ட், அதே எடை சலித்த மணல், பதினேழு லிட்டர் தண்ணீர் என்றால் நார் மூன்றரைக் கிலோ வரும். விலை கூடுதல்தான். அது கட்டுப்படியாகாதபோது கோழிவலையை இரண்டு மடிப்பாக வைத்து இருபுறமும் பூசும் ஃபெரோசிமெண்ட் முறையே சிறந்தது. தொட்டி வகைக்கு நாரைவிடக் கோழிவலையை நான் அதிகம் நம்புகிறேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இரண்டு மழைக்காலம் கழித்து மண்பானைபோல் நொறுங்குகிறது

இதில் நான் கற்றது கைப்பணம் கொடுத்துக் கற்றது. ஃபைபர் தொட்டி செய்கிறவர்களுக்கு நார் விற்கும் கடையொன்றில் கண்ணாடி நாரைக் கிலோக்கணக்கில் மலிவாக வாங்கி, அறுபது தொட்டிகள் வார்த்தேன். முதல் மாதம் ஒரு தொட்டியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று காட்டினேன். இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழை கழிந்தபின், மண்ணோடு தூக்கியபோதே விளிம்புகள் கையோடு வந்தன. உடைந்த முகத்தில் நார்கள் எல்லாமே மொட்டையாக அறுந்திருந்தன. ஓர் இழைகூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. கடைக்காரர் ஏமாற்றவில்லை, பிசினுக்கு என்று செய்த ஈ-கிளாஸ் நாரைச் சிமெண்டுக்கு வாங்கியது நான்.

சிமெண்டின் உள்ளே இருக்கும் ஈரத்தின் காரத்தன்மை பி.எச். 12.5-ஐத் தாண்டும். அது சாதாரணக் கண்ணாடியின் சிலிக்காவைக் கரைத்து அரிக்கிறது. 1960-களின் இறுதியில் பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் மஜும்தார் என்ற அறிவியலாளர் கண்ணாடியில் சிர்கோனியாவைச் சேர்த்து இந்த அரிப்பை வெகுவாகக் குறைத்துக் காட்டினார். 1970-களில் அது விற்பனைக்கு வந்தது. இன்று ஏ.ஆர். கிளாஸ் என்ற பெயரில் விற்பது அதுவே. பொட்டலத்தில் சிர்கோனியா நூற்றுக்குப் பதினாறுக்குக் குறையாமல் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், ஏனெனில் இரண்டு கண்ணாடியையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

ஈ-கிளாஸை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்குச் சேலத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. நம் வெள்ளைக்கல் சுரங்கங்களின் மேக்னசைட்டைச் சூளையில் மிதமான வெப்பத்தில் எரித்தால் கிடைக்கும் மக்னீசியாவை மக்னீசியம் குளோரைடு கரைசலோடு கலந்தால் இறுகும் சோரல் சிமெண்ட், சாதாரண சிமெண்டைவிட வெகுவாகக் காரம் குறைந்தது. அதில் சாதாரணக் கண்ணாடி நார் நீடிக்கும். ஆனால் அது தண்ணீரைத் தாங்காது, அதிலுள்ள குளோரைடு இரும்பை அரிக்கும். ஆகவே கம்பியோ வலையோ இல்லாத, வீட்டுக்குள் இருக்கும் பலகைகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

தேங்காய் நாரும் கற்றாழை நாரும் இதே காரத்தில்தான் வேறு வழியில் நலிகின்றன. நாரின் உயிரணுக்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னினும் அதைச் சார்ந்தவையும் காரத்தில் கரைய, நாரின் உள்குழலில் சுண்ணாம்புப் படிகங்கள் ஏறி, வளையக்கூடிய நார் குச்சிபோல் மொரமொரப்பாகிவிடுகிறது. மாறிமாறி நனைந்து உலரும் இடத்தில் இது விரைவாக நடக்கும். கற்றாழை நார் தொடக்கத்தில் அதிக பலம் உள்ளது. தேங்காய் நார் அதைவிட மெலிந்தது, ஆனால் அதிகம் நீளும், கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கும். மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பல் போன்றவற்றைக் கலவையில் கூட்டினால், அவை சிமெண்டிலிருந்து வெளிவரும் சுண்ணாம்பை உண்டுவிடுவதால் நாரின் ஆயுள் நீளும். வீட்டுக்குள் இருக்கும் தட்டி, கூரைக்கு உட்புறப் பலகை ஆகியவற்றுக்கு இயற்கை நார் தகும். மழையில் நனையும் வேலிக்காலுக்கு நான் போடுவதில்லை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை இடித்து நாராகக் கலப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். அதன் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்குவது.

புதிய நார் எதுவாக இருந்தாலும் அறுபது தொட்டிகள் வார்ப்பதற்கு முன் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. இரண்டு கைப்பிடி சிமெண்டைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, தெளிந்த நீரை மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி, நார்க் கற்றை ஒன்றை அதில் போட்டு, தகரக் கூரையின் மேல் சித்திரை, வைகாசி வெயிலில் வைத்துவிடுங்கள். சூடு அரிப்பை விரைவுபடுத்தும். இரண்டு மாதம் கழித்து அந்த நாரையும் பொட்டலத்தில் இருக்கும் நாரையும் கையில் இழுத்துப் பார்த்தால் வேறுபாடு விரலுக்கே தெரியும். கையுறை போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். சிமெண்ட் நீர் தோலைப் புண்ணாக்கும்.

இதோடு, ஒரு முழ நீளமும் நான்கு விரல் அகலமும் இரண்டு சென்டிமீட்டர் கனமும் உள்ள பலகைகள் ஆறை ஒரே கலவையில் வார்த்துக்கொள்வது நல்லது. இருபத்தெட்டாம் நாள் இரண்டு செங்கல்லின் மேல் ஒன்றைப் பாலம்போல் வைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, தம்ளர் தம்ளராகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பட்டென்று ஒடிந்து வாளியோடு விழுந்தால் நார் கணக்கில் இல்லை. விரிசல் விழுந்த பிறகும் பலகை தொங்கிக்கொண்டே இன்னும் சில தம்ளர்களைத் தாங்கினால் நார் பிடிக்கிறது. எத்தனையாவது தம்ளரில் விரிசல் விழுந்தது, எத்தனையாவதில் பிரிந்தது என்ற இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு, மீதி ஐந்தையும் வெயிலிலும் மழையிலும் விட்டுவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒன்று உடைக்கலாம். என் பட்டறையின் கிழக்குச் சுவரில் சாய்த்து வைத்திருப்பவற்றில் நாரின் பெயரும் வார்த்த தேதியும் ஆணியால் கீறியிருக்கும், ஏ.ஆர். கிளாஸ் வரிசையில் இன்னும் மூன்று பலகைகள் மிச்சம், அடுத்ததை ஐப்பசியில் உடைக்க வேண்டும்.